ஏழாண்டுக் கடன், மூன்றாண்டு நாற்காலி

2025 ஜூன் 22 அன்று என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் 103–91 என்ற கணக்கில் இண்டியானா பேசர்ஸை வென்றது. மோதிய இரண்டு அணிகளின் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடிப் போனால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடியும். 2017 கோடையில் இண்டியானாவின் நட்சத்திரம் பால் ஜார்ஜ், ஒப்பந்தம் முடிந்ததும் அணியை விட்டுப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் இண்டியானா அவரைத் தண்டருக்குக் கொடுத்தது. பதிலுக்கு விக்டர் ஓலடிப்போ, டொமாண்டஸ் சபோனிஸ் என்ற இருவர் கிடைத்தார்கள். இண்டியானா ஏமாந்துவிட்டது என்பதே அன்று பலரின் தீர்ப்பு.

பிறகு நடந்ததைப் பாருங்கள். சபோனிஸ் ஆல்-ஸ்டார் வீரராக வளர்ந்தார். 2022 பிப்ரவரியில் அவரை சாக்ரமெண்டோவுக்குக் கொடுத்து டைரீஸ் ஹாலிபர்ட்டனை வாங்கியது இண்டியானா. தண்டர் பக்கத்தில், 2019 ஜூலையில் பால் ஜார்ஜ் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போக விரும்பினார். தண்டரின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி அவரை அனுப்பி வைத்து, ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும், டனிலோ கலினாரியையும், புதிய வீரர்களை எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் ஐந்தையும், இடம் மாற்றிக்கொள்ளும் உரிமைகள் இரண்டையும் பெற்றார். அந்த உரிமைகளில் ஒன்றுதான் 2022இல் 12ஆம் இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. ஷாய் 2025இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பட்டத்தையும் ஒன்றாக வென்றார்.

ஒரே பரிமாற்றம் எட்டு ஆண்டு கழித்து இரண்டு தரப்பையும் இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்தது. ஆனால் இரண்டு அணிகளும் வந்த வழி வேறு. தண்டர் இரண்டு ஆண்டு தெரிந்தே தோற்றது. இண்டியானா வேண்டுமென்று தோற்க மறுத்தே வந்த அணி. ‘இன்று வெல்வதா, நாளைக்காகக் கட்டுவதா’ என்று என்பிஏவில் ஓயாமல் நடக்கும் விவாதத்துக்கு ஒற்றை விடை கிடையாது என்பதற்கு இந்த ஒரு தொடரே போதும். எந்த வழி சரி என்பதைவிட, வழியைத் தேர்ந்தவருக்கு அதை முடிக்கும் வரை பதவி இருந்ததா என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பொது மேலாளரின் வேலை என்ன என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். இன்றிரவு யாரை ஆட வைப்பது என்பது பயிற்சியாளரின் கவலை. அணியில் யார் யார் இருக்க வேண்டும், யாருக்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், யாரை யாருக்காகக் கொடுப்பது என்பதெல்லாம் பொது மேலாளரின் கவலை. ஐபிஎல்லில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து பழைய கணக்கையெல்லாம் அழித்துவிடும். சென்ற முறை சொதப்பிய அணியும் புதுப் பணப்பையோடு உட்காரும். என்பிஏவில் அப்படிப்பட்ட மன்னிப்பு இல்லை. ஒரு தவறான ஒப்பந்தம் ஐந்தாண்டு நிற்கும்.

வெளியிலிருந்து ஆட்களைச் சேர்க்க மூன்று வாசல்கள் உண்டு: ஆண்டுதோறும் ஜூனில் புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் டிராஃப்ட், வீரர் பரிமாற்றம், ஒப்பந்தம் முடிந்த வீரரைச் சம்பளம் பேசிச் சேர்ப்பது. மூன்றாவது வாசல் லாஸ் ஏஞ்சலஸ், மயாமி போன்ற நகரங்களுக்கே அகலமாகத் திறக்கும். ஓக்லஹோமா சிட்டிக்கோ இண்டியானாபொலிஸுக்கோ முதல்தர நட்சத்திரம் தானாக விரும்பி வருவது அரிது. ஆகவே சிறு நகர அணிகளுக்கு டிராஃப்டும் அதிலிருந்து கிளைக்கும் பரிமாற்றமுமே பிழைப்பு. முந்தைய சீசனில் மோசமாக ஆடியவர்களுக்கு டிராஃப்டில் முன்னுரிமை. எடுக்கப்படும் இளைஞனுக்கு முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் அவன் தேர்வான இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய முன்பே வரையறுக்கப்பட்டது. அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அது ஏறாது. 2024–25இல் அணிக்கான சம்பள உச்சவரம்பு 14 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. மூத்த நட்சத்திரம் ஒருவரே அதில் 35 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கு அப்படிக் கொடுத்தால் மிச்சத்தில் அணி கட்ட முடியாது. அதனால்தான் மலிவுச் சம்பளத்தில் பெரிய ஆட்டம் ஆடும் இளைஞன் பொன்னாகிறான், அவனை எடுக்கும் உரிமை நாணயமாகிறது.

அந்த நாணயத்தை ஏழு ஆண்டு முன்னதாகவே செலவழிக்க லீக் அனுமதிக்கிறது. 2013இல் உட்கார்ந்துகொண்டு 2018இன் முதல் சுற்று உரிமையை விற்கலாம். ஒரே ஒரு தடை: தொடர்ந்து வரும் இரண்டு ஆண்டுகளில் முதல் சுற்று உரிமையே இல்லாத நிலைக்குப் போகக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் அணியை வாங்கிய டெட் ஸ்டெபியன், உரிமைகளை வாரி இறைத்து அணியை மொட்டையாக்கியதால் பிறந்த விதி அது. இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஓர் உரிமையாளருக்கு அவர் சொந்தப் பணத்தை வீணாக்கும் சுதந்திரம் உண்டு, ஆனால் பத்தாண்டு கழித்து வரப்போகும் ரசிகனின் அணியை வீணாக்கும் சுதந்திரம் இல்லை என்று லீக் முடிவெடுத்த அபூர்வமான தருணம் அது.

விதைநெல்லைக் குற்றிச் சாப்பிட்டதற்கு என்பிஏ வரலாற்றில் புரூக்ளின் நெட்ஸைவிடப் பெரிய சான்று இல்லை. ரஷ்யக் கோடீஸ்வரர் மிக்கேல் புரோகொரோவ் 2010இல் அணியை வாங்கியபோது ஐந்தாண்டுக்குள் பட்டம் என்று வாக்குக் கொடுத்தார். கெடு நெருங்கியது. 2013இல் பொது மேலாளர் பில்லி கிங், பாஸ்டனிடமிருந்து 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் ஜேசன் டெரியையும் வாங்கினார். பதிலாக 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தார். ‘முதல் சில இடங்களுக்குள் விழுந்தால் எங்களுக்கே’ என்று ஒரு வரி எழுதிக்கொள்வது வழக்கம். அதுகூட இல்லை.

நெட்ஸ் அந்த சீசனில் 44 ஆட்டம் வென்றது. டொராண்டோவோடு ஒரு பிளேஆஃப் சுற்றை ஏழாவது ஆட்டத்தில் தட்டுத்தடுமாறித் தாண்டியது. அடுத்த சுற்றில் மயாமி 4–1 என்று அனுப்பிவைத்தது. சம்பளத்தில் வரி எல்லையை மீறியதற்கான ஆடம்பர வரி மட்டும் 9 கோடி டாலருக்கு மேல். பியர்ஸ் ஓராண்டில் போனார், கார்னெட் அதற்கடுத்த சீசனின் பாதியில். 2016இல் நெட்ஸின் தோல்விகள் பாஸ்டனுக்கு மூன்றாம் இடத்தைத் தந்தன: ஜேலன் பிரவுன். 2017இல் முதலிடத்தையே தந்தன. அதை பாஸ்டனின் டேனி ஏஞ்ச் ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றுவிட்டு மூன்றாம் இடத்துக்கு இறங்கி ஜேசன் டேட்டமை எடுத்தார், கூடவே இன்னொரு உரிமையையும் வாங்கிக்கொண்டார். 2024இல் பிரவுனும் டேட்டமும் பாஸ்டனுக்குப் பட்டம் வென்று கொடுத்தார்கள்.

பிரவுனை பாஸ்டன் தேர்ந்தெடுத்த நாளில் பில்லி கிங் அந்தப் பதவியில் இல்லை. 2016 ஜனவரியிலேயே விலக்கப்பட்டிருந்தார். இது தற்செயல் அல்ல. 2018இன் உரிமையை விற்கும் மனிதர் 2018இல் அங்கே இருப்பார் என்று யாரும், அவர் உட்பட, நினைப்பதில்லை. இந்த ஆண்டு பட்டம் வராவிட்டால் வேலை போகும். பட்டம் வந்தால் ஐந்தாண்டு கழித்து வரும் வறட்சியை எல்லோரும் மன்னிப்பார்கள். கடன் அணியின் பெயரில், பலன் தன் பெயரில் என்றால் கை நீளத்தானே செய்யும்? கிங்கை முட்டாள் என்று எழுதுவது எளிது. ஐந்தாண்டுக் கெடுவை அறிவித்த முதலாளியின் கீழ் வேலை பார்த்த ஒருவர் வேறென்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏஞ்ச் செய்ததில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பாஸ்டன் வருடக்கணக்கில் சேற்றில் புரளவில்லை. 2013–14இல் 25 வெற்றி, அடுத்த ஆண்டே 40 வெற்றியோடு பிளேஆஃப். 2017இல் கிழக்குப் பிரிவு இறுதிவரை போன அதே பருவத்தில்தான் டிராஃப்டின் முதலிடமும் கையில் இருந்தது. தன் வெற்றியைத் தானே வைத்துக்கொண்டு, தேவையான தோல்விகளை வேறொரு அணியை விட்டுத் தோற்க வைப்பது! ஜேலன் வில்லியம்ஸும் அப்படித்தான் வந்தார், கிளிப்பர்ஸின் தோல்விகளிலிருந்து. மறுகட்டமைப்பில் மிக உயர்ந்த கலை இதுவே. ஆனால் இதற்கு மறுபக்கத்தில் அவசரப்படும் ஓர் அணி வேண்டும்.

நெட்ஸின் கதைக்கு ஒரு பின்குறிப்பு. 2016இல் பொறுப்பேற்ற ஷான் மார்க்ஸ், சொந்த உரிமைகள் எதுவும் இல்லாமல், பிறர் கழித்துவிட்ட ஆட்களையும் பிறர் தூக்கி எறிய விரும்பிய சம்பளங்களையும் வைத்து 2019இல் பிளேஆஃப் அணியைக் கட்டினார். அதைப் பார்த்து கெவின் டுரான்டும் கைரி இர்விங்கும் சேர்ந்தார்கள். பிறகு 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டனுக்காக 2027 வரையிலான உரிமைகளை ஹூஸ்டனுக்கு எழுதிக் கொடுத்தது அதே அணி. மூவரும் சேர்ந்து வென்றது ஒரே ஒரு பிளேஆஃப் சுற்று. 2023 பிப்ரவரிக்குள் மூவரும் இல்லை.

ஃபிலடெல்ஃபியா எதிர்த்திசையில் ஓடிய அணி. 2013இல் பொறுப்பேற்ற சாம் ஹிங்கியின் வாதம் எளியது: நடுத்தர அணியாக இருப்பதே மிக மோசமான நிலை. 40 வெற்றி பெற்றால் பட்டமும் இல்லை, டிராஃப்டில் நல்ல இடமும் இல்லை. செக்குமாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான். ஆகவே ஆல்-ஸ்டார் ஜ்ரூ ஹாலிடேயை விற்றார், காயம்பட்ட இளைஞர்களை எடுத்தார், அடுத்த ஆண்டும் காத்திருந்தார். மூன்று சீசன்களில் 19, 18, 10 வெற்றிகள். 246 ஆட்டங்களில் 47. மூன்றாம் சீசனின் நடுவே லீக்கின் அழுத்தம் முற்றி, மூத்த நிர்வாகி ஜெர்ரி கொலாஞ்சலோ மேலே அமர்த்தப்பட்டார். 2016 ஏப்ரலில் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதிவிட்டு விலகினார். அப்போது அவர் எடுத்த ஜோயல் எம்பீட் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அடுத்த மாதமே, அவர் சேர்த்த தோல்விகளின் பலனாக டிராஃப்டின் முதலிடம் வந்தது. பறித்தவர் வேறு.

ஹிங்கியின் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் பாதி அளவுக்கே அவர்களோடு. எம்பீட் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றது உண்மை. ஃபிலடெல்ஃபியா பல ஆண்டு தொடர்ந்து பிளேஆஃப் ஆடியதும் உண்மை. ஆனால் எம்பீட் காலத்தில் 2025 வரை அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 2016இல் முதலிடத்தில் எடுத்த பென் சிம்மன்ஸும், 2017இல் ஏஞ்சிடமிருந்து வாங்கிய முதலிடத்தில் எடுத்த மார்கெல் ஃபுல்ட்ஸும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. தோற்பதில் காட்டிய ஒழுங்கு தேர்ந்தெடுப்பதில் தொடரவில்லை. அதற்கு ஹிங்கியைக் குறை சொல்ல முடியாது, அவரை அங்கே விட்டுவைக்கவில்லையே.

வேண்டுமென்றே தோற்பதை லீக் எப்போதும் ஓர் அவமானமாகத்தான் பார்த்து வந்திருக்கிறது. டிராஃப்டின் முதல் இடங்களைக் குலுக்கிப் போடும் லாட்டரி 1985இல் வந்ததே அதனால்தான். 2019க்கு முன்பு கடைசி இடத்து அணிக்கு முதலிடம் கிடைக்க 25 விழுக்காடு வாய்ப்பு. ஃபிலடெல்ஃபியாவுக்குப் பிறகு அதைத் திருத்தினார்கள்: கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடு, குலுக்கலில் நான்கு இடங்கள், ஆகவே எல்லாரையும்விட மோசமான அணி ஐந்தாம் இடம் வரை சரியலாம். டெட்ராய்ட் 2023இல் அப்படிச் சரிந்தது. 2024இல் மறுபடி. அந்த 2023–24 சீசனில் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று 14 வெற்றியோடு முடித்த அணி அது. மறுபக்கம் 2025இல் 1.8 விழுக்காடு வாய்ப்போடு டாலஸ் முதலிடம் வென்று கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது.

டெட்ராய்ட் எப்படி எழுந்தது என்பதும் பாடம்தான். அடுத்த சீசனிலேயே 44 வெற்றி. புதிதாக ஒரு ராட்சதத் திறமை வந்து குதித்துவிடவில்லை. 2021இன் முதல் தேர்வான கேட் கன்னிங்ஹாமைச் சுற்றி டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று வேலை தெரிந்த மூத்தவர்களைச் சேர்த்தார்கள், பயிற்சியாளரை மாற்றினார்கள். பத்தொன்பது வயதுப் பையன்களை மட்டும் வைத்து நடத்தும் அணி வளர்வதில்லை, தோற்கப் பழகிக்கொள்கிறது.

அபராதங்களால் இந்தப் பழக்கத்தை நிறுத்த முடியுமா? 2023 ஏப்ரலில் டாலஸ் தன் முக்கிய வீரர்களை உட்கார வைத்து சிகாகோவிடம் தோற்றது. அந்த ஆண்டின் உரிமை முதல் பத்துக்குள் விழுந்தால்தான் டாலஸுக்கு, இல்லையேல் நியூயார்க்குக்கு. லீக் ஏழரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. உரிமை பத்தாம் இடத்தில் விழுந்தது. அதை வைத்து டாலஸ் இரண்டு இடம் இறங்கி டெரெக் லைவ்லியை எடுத்தது; மறு ஆண்டே அவர் இறுதிப் போட்டி அணியின் முக்கிய மையவீரர். ஏழரை லட்சம் டாலருக்கு இதைவிட மலிவான சரக்கு அந்த லீக்கில் வேறு கிடையாது. டாலஸ் விட்டுக்கொடுத்த பத்தாம் இடத்தில் கேசன் வாலஸை எடுத்துக்கொண்டது யார் என்றால், தண்டர்.

தண்டரின் இரண்டாண்டுத் தோல்விக்கு வருவோம். 2019இல் ஜார்ஜையும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கையும் அனுப்பியவுடன் அணி பாதாளத்துக்குப் போகும் என்றார்கள். போகவில்லை. வெஸ்ட்புரூக்குக்குப் பதிலாக வந்த, சம்பளச் சுமை என்று கருதப்பட்ட கிறிஸ் பால் அந்த அணியைப் பிளேஆஃபுக்கு இழுத்துப் போனார். அதன் மூலம் அவர் மதிப்பு ஏற, 2020இல் பிரெஸ்டி அவரை ஃபீனிக்ஸுக்கு நல்ல விலைக்கு அனுப்பினார். அடுத்த சீசனில் 22 வெற்றி, அதற்கடுத்ததில் 24. உடல்நலத்தோடு இருந்த ஆல் ஹார்ஃபர்டை 2021 மார்ச்சில் மிச்ச சீசனுக்கு உட்கார வைத்தார்கள். 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள், லீக் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய தோல்வி. இப்படி ஒரு காலத்தைப் பெரும்பாலான பொது மேலாளர்கள் தாண்ட மாட்டார்கள். பிரெஸ்டி தாண்டியதற்குக் காரணம், அவர் 2007 முதல் அந்த நாற்காலியில் இருப்பவர். டுரான்டையும் வெஸ்ட்புரூக்கையும் ஹார்டனையும் அடுத்தடுத்த மூன்று டிராஃப்ட்களில் எடுத்து 2012இல் இறுதிவரை போனவர். முதலாளிக்கு அவரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. 2020–21இல் கோவிட் காரணமாக அரங்கில் ரசிகர்களே இல்லை என்பதும் உதவியிருக்கும், கூவ ஆளில்லாமல்.

பிரெஸ்டியின் முறையில் நான் வியப்பது சேர்த்ததை அல்ல, சேர்ப்பதை நிறுத்திய நேரத்தை. 2022–23இல் 40, 2023–24இல் 57 வெற்றி. உரிமைகள் குவிந்து கிடந்தன. ஒரு பெரிய பெயரை வாங்கு என்று ஊடகங்கள் அரித்தன. அவர் செய்தது வேறு. 2021இல் தானே ஆறாம் இடத்தில் எடுத்த ஜாஷ் கிடியைக் கொடுத்து, புள்ளி அதிகம் எடுக்காத ஆனால் தடுப்பாட்டத்தில் யாரையும் திணறடிக்கும் அலெக்ஸ் காரூசோவை வாங்கினார். ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனைச் சம்பளம் பேசிச் சேர்த்தார். இரண்டும் சிறு வேலை. அடுத்த சீசனில் 68 வெற்றி, பட்டம். நாளைக்கான மூட்டையை அவிழ்க்காமலே இன்றைக்கு வேண்டியதை வாங்கிவிட்டார்.

நாற்காலி உறுதியாக இருப்பவருக்குத்தான் துணிச்சலும் வரும் என்பதற்கு 2025 வரை டொராண்டோ அணியை நடத்திய மசாய் உஜிரி சான்று. அவர் அணி 2018இல் 59 ஆட்டம் வென்றது. லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்டிடம் மூன்றாம் ஆண்டாக, அதுவும் 4–0 என்று, வீழ்ந்தது. அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்ற டுவேன் கேசியை உஜிரி நீக்கினார். ஊரே கொண்டாடிய டெமார் டெரோசனை சான் அன்டோனியோவுக்கு அனுப்பி, முந்தைய சீசனில் ஒன்பதே ஆட்டம் ஆடியிருந்த, ஓராண்டு ஒப்பந்தம் மட்டும் மிச்சமிருந்த கவாய் லெனார்டை வாங்கினார். 2019 ஜூனில் பட்டம். ஜூலையில் லெனார்ட் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். இது நல்ல பேரமா என்று கேட்டால், டொராண்டோவில் யாரும் தயங்க மாட்டார்கள். உஜிரி விற்றது டெரோசனின் முதுமையை. பாஸ்கல் சியாக்கம், ஓஜி அனுனோபி, ஃபிரெட் வான்விலீட் போன்ற இளைஞர்களைத் தொடவே இல்லை. கிங்கும் உஜிரியும் ஒரே சூதாட்டத்தை ஆடியது போலத் தெரிந்தாலும் மேசையில் வைத்த பணம் வேறு.

பட்டத்துக்குப் பிந்தைய உஜிரி அவ்வளவு கூர்மையாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டம் வென்ற மிச்ச அணியை உடைக்க மனமில்லாமல் தள்ளிப்போட்டார். 2023இல் வான்விலீட் எந்த ஈடும் தராமல் ஹூஸ்டனுக்குப் போனார். அனுனோபியும் சியாக்கமும் அதைத் தொடர்ந்த சீசனின் நடுவே விற்கப்பட்டார்கள். சியாக்கமை மூன்று முதல் சுற்று உரிமைகள் கொடுத்து வாங்கியது இண்டியானா.

இண்டியானாவின் முதலாளி ஹெர்ப் சைமன் 1983 முதல் அணியை வைத்திருப்பவர்; வேண்டுமென்று தோற்பது அவருக்குப் பிடிக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் அணித் தலைவர் கெவின் பிரிச்சர்டுக்கு ஒரு வழி அடைக்கப்பட்டிருந்தது. ஆனால் சபோனிஸைக் கொடுத்து ஹாலிபர்ட்டனை வாங்கியது, அணியின் வயதைக் குறைத்துக்கொண்டே தரத்தை விடாமல் வைத்துக்கொள்ளும் வித்தை. கொடுத்தவர்களும் நட்டப்படவில்லை என்பதே அதில் அழகு: 16 ஆண்டாகப் பிளேஆஃப் காணாத சாக்ரமெண்டோ, சபோனிஸோடு 2023இல் அதைக் கண்டது. ஆனால் 2025இன் ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த மாதமே மைய வீரர் மைல்ஸ் டர்னர் மில்வாக்கிக்குப் போனார். காயத்தை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்று வெளிப்படையாக அறிவித்தது கோல்டன் ஸ்டேட். ஸ்டெஃப் கரி தலைமையிலான மூத்தவர்கள் இன்றைக்கு, டிராஃப்டில் எடுத்தவர்கள் நாளைக்கு. முதலாளி ஜோ லேகப்பின் ஆசை அது. 2020இல் இரண்டாம் இடத்தில் ஜேம்ஸ் வைஸ்மன், 2021இல் ஏழாம் இடத்தில் ஜொனதன் குமிங்கா, 14ஆம் இடத்தில் மோசஸ் மூடி. 2022இல் பட்டம் வந்தபோது இந்தத் திட்டம் வென்றுவிட்டது என்றார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. வைஸ்மன் அந்த சீசன் முழுவதும் ஆடவே இல்லை. மற்ற இருவருக்கும் கிடைத்தது சிறு வேடம். வென்று கொடுத்தவர்கள் பழைய ஆட்களும் ஆண்ட்ரூ விக்கின்ஸும் ஜோர்டன் பூலும். மறு ஆண்டுக்குள் வைஸ்மனும் பூலும் வெளியே. ஆட்டத்தைக் கற்க இளைஞனுக்குத் தவறு செய்ய நிமிடங்கள் வேண்டும். கரியின் வயதுக்கு அந்த நிமிடங்களைக் கொடுக்க முடியாது. இரண்டு காலக்கணக்கும் ஒரே மைதானத்தில் ஒன்றையொன்று தின்றன. சான் அன்டோனியோ இதைச் சாதித்ததே என்பார்கள். டோனி பார்க்கரை 28ஆம் இடத்திலும் மனு ஜினோபிலியை 57ஆம் இடத்திலும் எடுத்த அணி அது. டிம் டங்கன் போன்ற தூண் இருபதாண்டு நின்றால் யாருக்கும் அது வாய்க்கும். டங்கன் கிடைத்ததோ, டேவிட் ராபின்சன் காயம்பட்டு 20 ஆட்டம் மட்டுமே வென்ற 1996–97 என்ற ஒற்றைக் கெட்ட ஆண்டின் பரிசு.

முதலாளியின் அவசரத்தைப் பேசினால் ஃபீனிக்ஸை ஒரு வரியில் கடக்கலாம்: 2023 பிப்ரவரியில் மேட் இஷ்பியா அணியை வாங்கிய உடனே டுரான்டுக்காக நான்கு முதல் சுற்று உரிமைகள் போயின, 2025இல் 36 வெற்றியோடு பிளேஆஃபே இல்லை, டுரான்டும் இல்லை.

டாலஸை அப்படிக் கடக்க முடியாது. 2025 பிப்ரவரியில் பொது மேலாளர் நிகோ ஹாரிசன், 25 வயது லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து 31 வயது ஆந்தனி டேவிஸையும் மேக்ஸ் கிறிஸ்டியையும் 2029இன் ஒரே ஒரு முதல் சுற்று உரிமையையும் வாங்கினார். எட்டு மாதம் முன்பு அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர் டான்சிச். பட்டத்துக்குத் தடுப்பாட்டம்தான் அடிப்படை என்றார் ஹாரிசன். இந்தப் பேரத்தின் விசித்திரம், இது இன்றைக்கும் உதவவில்லை, நாளைக்கும் உதவவில்லை என்பது. டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். மார்ச்சில் இர்விங்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. அரங்கில் ஆட்டந்தோறும் ஹாரிசனை நீக்கு என்ற கோஷம். லாட்டரியில் ஃபிளாக் என்ற அதிசயம் விழுந்தும் நாற்காலி தப்பவில்லை. 2025 நவம்பரில் நீக்கப்பட்டார். அவசரத்துக்கு முதலாளியின் கெடு மட்டும் காரணமல்ல, தன் கருத்தின்மேல் மேலாளருக்கு இருக்கும் காதலும் காரணமாகலாம் என்று இந்த ஒன்றை மட்டும் என் வாதத்துக்கு விலக்காக ஒதுக்கி வைக்கிறேன்.

ஹூஸ்டனில் 2020 வரை பொது மேலாளராக இருந்த டேரில் மோரியின் நிலைப்பாடு நேர்மையானது: பட்டத்துக்கு 5 விழுக்காடு வாய்ப்பிருந்தாலே அதற்காக எல்லாவற்றையும் செலுத்த வேண்டும், அந்த வாய்ப்பே எப்போதாவதுதான் வரும். 2018இல் அவர் அணி கோல்டன் ஸ்டேட்டை ஏழாவது ஆட்டம்வரை இழுத்து, அதில் தொடர்ந்து 27 மூன்று புள்ளி வீச்சுகளைத் தவறவிட்டுத் தோற்றது. அது தவறான முடிவா? இல்லை. அதே தர்க்கத்தோடு மில்வாக்கி ஜ்ரூ ஹாலிடேக்காக மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொட்டி, 2021இல் யானிஸ் அடெடகும்போவோடு பட்டம் வென்றது. கையில் யானிஸ் தரத்து ஆள் உச்சத்தில் இருக்கும்போது எதிர்காலத்தைச் சேமித்துவைப்பது கஞ்சத்தனம். நெட்ஸின் பிழை செலவழித்ததில் இல்லை. உச்சம் தாண்டியவர்களுக்காகச் செலவழித்ததில்.

2023இல் வந்த புதிய ஊதிய ஒப்பந்தம் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. உச்சவரம்புக்கு மேலே ‘இரண்டாம் ஏப்ரன்’ என்றொரு கோடு போட்டார்கள். அதைத் தாண்டும் அணி பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. ஏழு ஆண்டு தள்ளியுள்ள அதன் முதல் சுற்று உரிமையை விற்க முடியாது. தொடர்ந்து தாண்டினால் அந்த உரிமை சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். முன்பு முதலாளி பணக்காரர் என்றால் வரி கட்டிவிட்டுப் போகலாம். இப்போது பணத்தால் தீராத தண்டனை. 2024இல் பட்டம் வென்ற பாஸ்டன், மறு ஆண்டு டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்ததும், அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க அதற்குள் தன்னிடம் வந்திருந்த ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் விற்றது. ஆக, வென்ற அணியைக் கலைப்பதும் இனி பொது மேலாளரின் வழக்கமான வேலை.

அந்த வேலை இப்போது பிரெஸ்டியின் மேசையில். 2025 ஜூலையில் ஷாய்க்கு நான்கு ஆண்டு 28.5 கோடி டாலர் நீட்டிப்பு. ஜேலன் வில்லியம்ஸுக்கும் உயரமான இளம் வீரர் செட் ஹோம்கிரெனுக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தங்கள். இந்த இளைஞர் இருவரின் உயர்ந்த சம்பளம் 2026–27இல் தொடங்குகிறது. மலிவு நான்காண்டு முடிகிறது. ஹார்ட்டன்ஸ்டைனுக்கும் லூகென்ட்ஸ் டார்ட்டுக்கும் அதே 2026–27 ஆண்டில் அணி விரும்பினால் மட்டுமே தொடரும் ஒப்பந்தம். 2012இல் ஹார்டனின் நீட்டிப்பில் கருத்து ஒன்றுபடாமல் அவரை விற்றதை பிரெஸ்டியின் மிகப் பெரிய பிழை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. இருவரில் ஒருவரை விட்டாக வேண்டும் என்றால் நான் ஹார்ட்டன்ஸ்டைனை விடுவேன். அவர் உயரத்தை ஹோம்கிரெனை வைத்து ஓரளவு ஈடுகட்டலாம். டிராஃப்டில் யாருமே எடுக்காத டார்ட்டைப் போல எதிரணியின் முதல் ஆளை ஆட்டம் முழுவதும் துரத்தும் ஒருவரை, 12ஆம் இடத்து உரிமை கையில் இருந்தாலும் தேடிப் பிடிப்பது எளிதல்ல.